இமை தாழ்ந்த பிள்ளையைக் கல்யாண வயது வரை காத்திருக்க வைக்கக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலிமை தாழ்ந்து கண்ணை மறைக்கும் குறைபாட்டுக்குச் சத்திரசிகிச்சை உண்டு என்பது இன்று யாழ்ப்பாணத்தில் பலருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் சிகிச்சையை எந்த வயதில் தேட வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியவில்லை. கண் பிரிவுகளில் தாதிய உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் கண்டது இதுதான்: பிறவியிலேயே ஓர் இமை தாழ்ந்திருந்த பிள்ளையை, அதற்கு இருபது வயது கடந்த பின்னர், கல்யாணப் பேச்சு எழும்போதோ வெளிநாட்டுப் பயணத்துக்குப் படம் எடுக்கும்போதோதான் பெற்றோர் முதன்முதலாகக் கண் கிளினிக்குக்குக் கூட்டி வருகிறார்கள். அந்த வயதிலும் இமையை உயர்த்தலாம். ஆனால் அந்தக் கண்ணில் வளராமற்போன பார்வையை அந்த வயதில் மீட்பது பெரும்பாலும் இயலாது. இதனைப் பெற்றோர் அறிய வேண்டும் என்பதற்காகவே தங்கள் பத்திரிகையில் சற்று விரிவாக எழுத இடம் கேட்கிறேன்.

பிறந்த பிள்ளைக்குப் பார்வை முழுமையாக அமைந்திருப்பதில்லை. கண் தெளிவான உருவத்தை அனுப்ப அனுப்பவே மூளை பார்க்கப் பழகுகிறது; இந்தப் பழக்கம் முதல் சில ஆண்டுகளில் மிக வேகமாகவும், அதன் பின்னர் ஏறத்தாழ ஏழு, எட்டு வயது வரை மெதுவாகவும் நடைபெறுகிறது. ஓர் இமை தாழ்ந்து கண்மணியை மறைத்திருந்தால் அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குத் தெளிவான உருவம் செல்வதில்லை. மூளை மற்றக் கண்ணை மாத்திரமே நம்பப் பழகிவிடுகிறது. கண்ணின் அமைப்பில் எந்தப் பழுதும் இல்லாமலே பார்வை குன்றிப்போகும் இந்நிலையைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். கண்மணி முழுவதும் மறைந்தால்தான் ஆபத்து என்று எண்ணுவதும் தவறு. தாழ்ந்த இமை கருவிழியை அழுத்துவதால் அதன் வளைவு மாறி, கண்ணாடிக் கடைகளில் சிலிண்டர் பவர் என்று சொல்லப்படும் குறை உண்டாகலாம். அதனாலும் உருவம் மங்கி, பாதி திறந்திருக்கும் கண்ணும் சோம்பிப்போகும். இரண்டு கண்களாலும் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தன் ஒரு கண்ணில் பார்வை குறைவென்று தெரியாது. அது முறைப்பாடு சொல்லும் வரை பெற்றோர் காத்திருந்தால் காலம் போய்விடும்.

எங்கள் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் ஆறுதல்கள் எல்லாம் அன்பினால் வருபவை என்பதை நான் அறிவேன். “அப்பப்பாவின் சாயல்”, “நித்திரைக் கண்”, “வளர வளரச் சரிவரும்” என்று மூத்தவர்கள் சொல்ல, இளம் தாய் அதனை நம்பிவிடுகிறாள். ஆனால் பிறவியில் வரும் இமை இறக்கத்தில், இமையை உயர்த்தும் தசையே சரியாக உருவாகாமல், தசை நார் இருக்க வேண்டிய இடத்தில் நார்த்திசுவும் கொழுப்பும் இருக்கின்றன. வளர்ச்சி அதனைத் திருத்துவதில்லை. கண்ணில் தாய்ப்பால் விடுவதும், எண்ணெய் தடவி இமையை நீவிவிடுவதும் அந்தத் தசையைப் புதிதாக உண்டாக்கப் போவதில்லை; கைக்குழந்தையின் கண்ணுக்குக் கிருமித் தொற்றைக் கொண்டு வரவும் கூடும். சில குழந்தைகளுக்குப் பால் குடிக்கும்போது தாழ்ந்த இமை திடீர் திடீரென்று மேலெழும். தாடையை அசைக்கும் நரம்புக்கும் இமைக்கும் இடையே பிறவியில் ஏற்பட்ட தவறான இணைப்பு அது. இதைக் கண்டு நாவூறு என்று பயந்த தாய்மார் உண்டு. அதனையும் கண் வைத்தியரிடமே சொல்ல வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய முக்கியமான அடையாளம் பிள்ளை தலையை வைத்துக்கொள்ளும் விதம். நாடியை மேலே தூக்கி, தலையைப் பின்னே சாய்த்து, புருவத்தை நெற்றியோடு ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தொலைக்காட்சி பார்க்குமாயின், அது இமைக்குக் கீழாக எட்டிப் பார்க்க முயல்கிறது என்பது பொருள். அவ்வாறு முயலாமல், தாழ்ந்த இமையை அப்படியே விட்டுவிடும் பிள்ளையை இன்னும் விரைவாகக் கொண்டுபோக வேண்டும். அது அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே கைவிட்டிருக்கலாம்.

கிளினிக்கில் வைத்தியர் முதலில் செய்வது இமையை அளப்பதல்ல, பார்வையை அளப்பது. பிள்ளையின் கண்ணுக்கு மருந்துத் துளி விட்டுப் பவர் பார்த்து, தேவையென்றால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை நாளொன்றுக்குக் குறிப்பிட்ட நேரம் மூடிவைக்கச் சொல்வார். இந்த மூடியை ஒட்டுவதற்குப் பிள்ளை அழும். பாடசாலையில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அம்மம்மா மனம் பொறுக்காமல் கழற்றிவிடுவார். எத்தனையோ பிள்ளைகளின் சிகிச்சை இந்த இடத்திலேயே முறிந்து போனதைக் கண்டவன் என்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன்: சத்திரசிகிச்சை இமைக்கு, பார்வைக்குரிய சிகிச்சை கண்ணாடியும் மூடியும்தான். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயன் பாதிதான்.

சத்திரசிகிச்சைக்குரிய வயதும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும். கண்மணி மறைந்து பார்வை வளர்ச்சி தடைப்படுமாயின் முதலாவது வயதிலேயே கூடச் செய்வார்கள். பார்வைக்கு ஆபத்து இல்லையென்று தொடர்ந்து பரிசோதித்து உறுதி செய்தால், அளவுகளைத் துல்லியமாக எடுக்கக்கூடிய மூன்று முதல் ஐந்து வயது வரை பொறுத்திருப்பார்கள். பொறுத்திருப்பது என்றால் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே பொறுத்திருப்பது. வீட்டில் இருந்துவிடுவது அல்ல.

எந்த முறையில் செய்வது என்பதை இமை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைவிட, அதை உயர்த்தும் தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. வைத்தியர் தமது பெருவிரலால் புருவத்தை அழுத்திப் பிடித்து, நெற்றியின் உதவி கிடைக்காதபடி செய்து, கீழே பார்க்கச் சொல்லிப் பின்னர் மேலே பார்க்கச் சொல்லி, இமையின் விளிம்பு எத்தனை மில்லிமீற்றர் ஏறுகிறதென்று அடிமட்டத்தால் அளப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நல்ல தசை ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் உயர்த்தும். ஓரளவு வலு இருந்தால், இமையின் மடிப்புக் கோட்டில் வெட்டி அந்தத் தசையையே குறுக்கித் தைக்கிறார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். 4 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அந்தத் தசையை நம்பிப் பயனில்லை. அப்போது தொடையின் வெளிப்புறத்திலிருந்து எடுத்த உறுதியான சவ்வுப் பட்டியினாலோ சிலிக்கன் இழையினாலோ இமையை நெற்றித் தசையோடு இணைத்துவிடுகிறார்கள். அதன் பின்னர் பிள்ளை புருவத்தை உயர்த்தும்போது இமையும் உயரும். பிள்ளைகளுக்கு இவையெல்லாம் முழு மயக்கத்தில்தான் நடைபெறும்.

இதன் பின்னர் நடப்பது பற்றி முன்கூட்டியே யாரும் சொல்லாததால் கலங்கிப்போன பெற்றோரை நான் ஆறுதல்படுத்த வேண்டியிருந்தது பல தடவை. வலுக்குறைந்த தசையையோ நெற்றியோடு கட்டிய இமையையோ கொண்ட கண், நித்திரையில் முழுதாக மூடாது. வெள்ளை விழி கொஞ்சம் தெரியும். கீழே பார்க்கும்போது மற்ற இமை இறங்க, இது பின்தங்கி நிற்கும். சிகிச்சை பிழைத்துவிட்டதென்று இதற்குப் பொருளில்லை. ஆனால் திறந்தபடி உலர்ந்துபோகும் கருவிழியில் புண் ஏற்படாமலிருக்க, வைத்தியர் சொல்லும் காலம் வரை பகலில் துளி மருந்தும் இரவில் களிம்பும் தவறாமல் இட வேண்டும். எங்கள் ஊரின் வெயிலிலும் சோளகக் காற்றுக் காலத்துப் புழுதியிலும் இந்தக் கவனம் இரு மடங்கு தேவை. இரண்டு இமைகளும் எந்நேரமும் ஒரே அளவாக இருக்கும் என்று எந்த நேர்மையான சத்திரசிகிச்சை நிபுணரும் வாக்களிக்க மாட்டார். குறைவாக ஏறுவதும், அதிகமாக ஏறுவதும், மறுபடி செய்ய வேண்டி வருவதும் இந்தச் சிகிச்சையில் வழமையானவை.

ஒரு யுவதி என் நினைவில் நிற்கிறார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இமையை உயர்த்துவதற்கு நாள் குறிக்க வந்த இடத்தில், நல்ல கண்ணை மூடிவிட்டு எழுத்துப் பலகையைப் பார்க்கச் சொன்னபோது, மேலே உள்ள பெரிய எழுத்தையே அவரால் சொல்ல முடியவில்லை. தன் மகளுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை இருந்ததென்று தாய் அந்த நிமிடத்தில்தான் அறிந்தார். ஐந்து வயதில் அந்தப் பிள்ளை முதலாம் தரத்துக்குப் போனபோது ஒருவர் இதே பரிசோதனையைச் செய்திருந்தால் அவருடைய வாழ்க்கை வேறாக இருந்திருக்கும். பெண் பிள்ளையின் முகத்தில் கத்தி படக்கூடாது என்ற பயமும், மருத்துவக் குறிப்பேட்டில் ஒரு குறை எழுதப்பட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது தடையாகும் என்ற எண்ணமும் சேர்ந்து, பெண் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளைவிடப் பிந்தியே கொண்டு வரச் செய்கின்றன என்பது என் அனுபவம்.

மூத்தவர்களின் இமை இறக்கம் இன்னொரு வகை. அவர்களிடம் தசை பெரும்பாலும் நல்ல வலுவோடு இருக்கும். அந்தத் தசையை இமையோடு பிணைக்கும் மெல்லிய தசைநாண் முதுமையினால் நெகிழ்ந்தோ விலகியோ இருக்கும். கிணற்றுத் துலா உறுதியாயிருந்தும் கயிறு நழுவினால் தண்ணீர்ப் பட்டை மேலே வராததைப் போன்றது அது. கண்புரைச் சத்திரசிகிச்சையின் பின்னரும், ஆண்டுக்கணக்கில் கொன்டக்ட் லென்ஸ் அணிந்தவர்களிடத்தும் இது நேரலாம். கண்மணியின் நடுவிலிருந்து மேலிமையின் விளிம்பு வரை 4 முதல் 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடைவெளி 2 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்தால், பார்வையின் மேற்பகுதி மறைபடத் தொடங்கும். பத்திரிகை வாசிக்க விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்கும் ஐயாமாரும், மாலையானால் நெற்றி வலிக்கிறது என்று தைலம் பூசும் ஆச்சிமாரும், தெருவில் எதிரே உயரத்தில் தொங்கும் கிளையைக் காணாமல் சைக்கிளில் மோதுபவர்களும் எங்களிடையே உண்டு. “வயது போனால் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். விறைப்பு ஊசி மட்டும் போட்டு, நோயாளியை விழித்திருக்க வைத்தே, இடையிடையே கண்ணைத் திறக்கச் சொல்லி உயரம் பார்த்துத் தையலைச் சரிசெய்யும் சிகிச்சை இது. இமையின் உட்புறத்தாலும் சில வேளைகளில் செய்கிறார்கள். அதற்கு வெளியே தழும்பே இராது.

ஆனாலும் அவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. இமையின் தோல் மட்டும் தொங்கி விளிம்பின் மேல் கிடப்பதும், இமையே தாழ்வதும் வெவ்வேறு. முதலாவதற்குத் தோலை வெட்டினால் போதும், இரண்டாவதற்குப் போதாது. ஒரு பக்க இமையை உயர்த்தினால் அதுவரை நன்றாயிருந்ததுபோலத் தோன்றிய மற்ற இமை தாழலாம். இரண்டு இமைகளுக்கும் மூளை ஒரே அளவான கட்டளையைத்தான் அனுப்புகிறது என்பதே காரணம். கண் ஏற்கெனவே உலர்ந்து எரிபவர்கள் அதனை முதலிலேயே சொல்ல வேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் விடவும் கூடாது. இருதய வைத்தியரையும் கேட்டே தீர்மானிக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின்னர் கடும் வலியோடு கண் புடைத்தாலோ பார்வை மங்கினாலோ விடியும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும்.

திடீரென்று தாழும் இமையைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அங்கே சத்திரசிகிச்சை பற்றிய பேச்சே பின்னர்தான். நேற்று வரை நன்றாயிருந்த இமை இன்று தாழ்ந்து, பொருட்கள் இரண்டாகத் தெரிந்து, கண்மணி விரிந்து, தலையிடியும் இருந்தால், மூளைக்குச் செல்லும் இரத்த நாடியொன்று புடைத்து, இமையையும் கண்ணையும் அசைக்கும் மூன்றாம் மண்டையோட்டு நரம்பை அழுத்தக்கூடும்; அது உயிராபத்து. நீண்டகால நீரிழிவிலும் அதே நரம்பு பாதிக்கப்படலாம். இமை சிறிது தாழ்ந்து அந்தப் பக்கத்துக் கண்மணி சுருங்கியிருந்தால், கழுத்து இரத்த நாடியிலோ நுரையீரலின் மேற்பகுதியிலோ பிரச்சினை இருக்கலாம். காலையில் நன்றாயிருந்து மாலையில் தாழும் இமை, மயஸ்தீனியா கிராவிஸ் என்னும், மாத்திரைகளால் கட்டுப்படுத்தக்கூடிய நோயைக் குறிக்கலாம். நரம்பிலோ தசையிலோ உள்ள நோயைக் காணாமல் இமையை வெட்டித் தைப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

எங்கள் மாவட்டத்தில் இதனோடு பாம்புக்கடியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எட்டடி விரியன் இரவில், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும்; பல வேளைகளில் வலியே தெரியாது, காயமும் கண்ணுக்குப் புலப்படாது. விடியும்போது வயிற்று நோவும், திறக்க முடியாமல் தாழ்ந்த இமைகளுமே முதல் அடையாளமாக இருக்கும். அதன் பின்னர் மூச்சுத் தசைகள் தளரத் தொடங்கும். அப்படிப்பட்டவரை விசகடி வைத்தியர் வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் நேரே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அழகுக்காக இமை திருத்தும் விளம்பரங்கள் இப்போது கைத்தொலைபேசியில் வந்து குவிகின்றன. கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவுகள் பணம் அனுப்பத் தயாராகவும் இருக்கிறார்கள். அதைச் செய்ய விரும்புபவரை நான் தடுக்கவில்லை. ஆனால் பார்வையை அளக்காமல், கண்மணியைப் பார்க்காமல், தசையின் வலுவைச் சோதிக்காமல் நாள் குறிக்கும் இடத்தில் இமையைக் கொடுக்க வேண்டாம். நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் பொட்டொக்ஸ் ஊசியினாலேயே இமை தாழ்வதுண்டு. அது சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் தெளியும்.

அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. யாழ். போதனா வைத்தியசாலையின் கண் பிரிவுக்கு முதலில் போனால் போதும். தேவையென்றால் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு அவர்களே கடிதம் தருவார்கள். தீவகத்திலிருந்து படகும் பேருந்தும் மாறி வருபவருக்கும், ஒரு நாட் கூலியை இழந்து வருபவருக்கும் அந்தக் கொழும்புப் பயணம் எவ்வளவு பாரமானது என்பதை நான் அறிவேன். பாதியில் விடுபட்ட பிள்ளைகளில் பலர் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள்தாம். குழந்தைகளுக்கான இமைச் சத்திரசிகிச்சை வசதியை வடக்கிலேயே பெருக்குவது பற்றி மாகாண சுகாதாரத் துறையினர் ஆலோசிக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் வாங்கும்போது, என்ன செய்யப்போகிறார்கள், பின்னர் கண் எப்படி இருக்கும், எப்போது திரும்பி வர வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் அச்சிட்ட ஒரு தாளாகக் கையில் கொடுப்பதும் அவசியம். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த இந்த மண்ணில் அது கடினமான வேலையாக இருக்க முடியாது.

வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும், பாடசாலை மருத்துவப் பரிசோதனையை நடத்தும் சுகாதார வைத்திய அதிகாரிகளிடமும் நான் கேட்பது இதுதான். குழந்தையின் நிறையைப் பதியும்போது இரண்டு இமைகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாம் தரத்தில் பார்வையைச் சோதிக்கும்போது ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிச் சோதியுங்கள். விரலிடுக்கால் பார்க்கும் பிள்ளையை மறுபடி சோதியுங்கள். இமை தாழ்ந்த பிள்ளையைக் கண்டால், பெற்றோர் என்ன சொன்னாலும், கண் கிளினிக்குக்கான துண்டை அன்றே எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் போனார்களா என்று கேளுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
கொக்குவில்.